வெறுமையாக்கினார் என்றால், எதை?

ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பலர் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். “நான் ஒன்றுமில்லாதவன், தூசி, வெறும் பாத்திரம்.” அப்புறம் மைக்கை விடாமல் அரை மணி நேரம் தன்னைப் பற்றியே பேசுவார்கள். கேலிக்காகச் சொல்லவில்லை, நானும் அப்படிப் பேசியவன்தான். ‘தன்னை வெறுமையாக்குதல்’ என்ற சொல் கிறிஸ்தவர்கள் வாயில் அவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது. அர்த்தம் கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வரும். தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்வது என்பார் ஒருவர். எண்ணமே எழாமல் மனத்தைத் துடைத்துவைப்பது என்பார் இன்னொருவர். யார் என்ன செய்தாலும் வாயைத் திறக்காமல் பொறுத்துப்போவது என்பது மூன்றாவது பதில். இதில் உபதேசம் பண்ணுகிறவர் ஒருவராகவும் பொறுத்துப்போகிறவர் வேறொருவராகவும் இருப்பதுதான் வழக்கம்.

அந்தச் சொல் முளைத்த இடத்தில் இந்த மூன்றும் கிடையாது. அங்கே என்னதான் இருக்கிறது என்று போய்ப் பார்ப்போம். இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

## முதலில் ஒரு கிணறு

கிணறு தூர்வாருவதைப் பார்த்திருப்பீர்கள். சேறு, சருகு, அறுந்து விழுந்த வாளி, சரிந்த கல் என்று வருஷக்கணக்கில் அடியில் சேர்ந்து ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். கோடையில் நீர் வற்றியதும் ஆட்கள் உள்ளே இறங்கிக் கூடை கூடையாக அள்ளி மேலே அனுப்புவார்கள். அடைப்பு நீங்கியதும் ஊற்று தானாகச் சுரக்கும்.

வெளியே போவது சேறு. கிணறு அப்படியே இருக்கிறது. கிணற்றையே மண்ணைக் கொட்டி மூடிவிட்டுத் தூர்வாரிவிட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. அதேபோல், உள்ளே இறங்கினவர் தண்ணீரை உண்டாக்கவும் இல்லை. அது ஏற்கெனவே நிலத்தில் இருந்தது, அவர் வழி விட்டார், அவ்வளவுதான். காலிக் குழியை ரசிப்பதற்காகவும் அவர் இறங்கவில்லை.

கிறிஸ்தவ ஆன்மிகம் சொல்லும் வெறுமையாக்குதலும் ஏறக்குறைய இதுதான். ‘எனக்கு, என்னால், என்னுடையது’ என்று இறுக்கிப் பிடித்திருக்கும் பிடி விலகும்போது, கடவுள் இலவசமாகத் தருவது உள்ளே வர இடம் கிடைக்கிறது. அந்த இலவசத்துக்குக் கிருபை என்று பெயர். கத்தோலிக்கர்கள் அருள் என்பார்கள். ஆள் அழிவதில்லை, ஆளை அடைத்திருந்தது போகிறது.

இந்த உவமையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ‘வெறுமையாக்கினார்’ என்று பைபிள் முதலில் சொன்னது நம்மைப் பற்றி அல்ல, இயேசுவைப் பற்றி. அவரிடம் அள்ளுவதற்குச் சேறே இல்லை என்பதுதான் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அப்படியானால் அவர் எதைக் காலி செய்தார்?

## பட்டங்களை விரும்பிய ஊர்

இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல், பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில்தான் அந்த வாக்கியம் இருக்கிறது. பிலிப்பி, இன்றைய கிரேக்க நாட்டின் வடபகுதியில் மக்கெதோனியாவில் இருந்த ஊர். சீசரின் கொலையை ஒட்டி மூண்ட உள்நாட்டுப் போரின் முக்கியமான சண்டை கி.மு. 42இல் அங்கேதான் நடந்தது. போர் முடிந்ததும் ரோமப் படைவீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். ஊர் ரோமக் குடியேற்றமானது. ‘நான் ரோமக் குடிமகன்’ என்று சொல்லிக்கொள்வது அங்கே பெரிய விஷயம். வகித்த பதவி, பெற்ற கௌரவம் எல்லாவற்றையும் கல்லில் வரிசையாக வெட்டிவைப்பார்கள். நம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ஓடும் பட்டங்களையும், முச்சந்தி பிளெக்ஸ் பேனரையும் நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்த உலகத்தில் தாழ்மை என்பது பாராட்டுச் சொல் அல்ல. கிரேக்கத்தில் அதற்கு இருந்த சொல்லில் அடிமையின் வாடை அடித்தது. கீழே கிடப்பவனின் நிலை அது, யாரும் விரும்பி ஏற்கும் குணம் அல்ல. இன்று அடக்கமானவர் என்றால் நாம் மதிக்கிறோமே, அந்த மதிப்பு அந்தச் சொல்லுக்கு ஏறியதில் இந்தக் கடிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பவுல் இதைச் சிறையிலிருந்து எழுதுகிறார். சபைக்குள் யார் பெரியவர் என்ற இழுபறி இருந்திருக்கிறது. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களைப் பெயர் சொல்லியே ‘ஒரே சிந்தையாயிருங்கள்’ என்று 4ஆம் அதிகாரத்தில் கேட்டுக்கொள்கிறார். ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டும் கடிதத்தில் பெயர் வந்துவிட்டதே என்று அந்த இருவரை நினைத்து எனக்குப் பல தடவை பாவமாக இருந்திருக்கிறது. ஆகவே அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் ஒரு சண்டையின் நடுவில் வருகிறது. வகுப்பறைப் பாடமாக அல்ல. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இப்படிப் போகிறது:

“அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும், தேவனுக்குச் சமமாயிருப்பதைக் கொள்ளையாடின பொருளாக எண்ணாமல், தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்.”

‘வெறுமையாக்கி’ என்று இங்கே வரும் கிரேக்க வினையிலிருந்து பிறந்ததுதான் கெனோசிஸ் என்ற கலைச்சொல். வெறுமையாக்குதல் என்பதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

## எதைக் கொட்டினார்?

குடத்தைக் கவிழ்த்த மாதிரி இதை வாசிப்பது சுலபம். உள்ளே தெய்வத்தன்மை இருந்தது, அதைக் கொட்டிவிட்டு மனிதரானார் என்று. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலாளர்கள் சிலர், எல்லாம் அறிவது, எல்லாம் வல்லது போன்ற சில பண்புகளை அவர் ஒதுக்கிவைத்தார் என்று சொல்லிப் பார்த்தார்கள். பெரும்பாலான சபைகள் அதை ஏற்கவில்லை. இயேசு முழுக் கடவுள், முழு மனிதர், ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை என்று கி.பி. 451இல் சபைத் தலைவர்கள் கூடிய கல்செதோன் சங்கத்திலேயே முடிவாகியிருந்தது. அந்த விவாதத்துக்குள் நாம் போக வேண்டாம். வாக்கியத்தை நிதானமாகப் படித்தாலே வழி கிடைக்கிறது.

அவர் எதை வெறுமையாக்கினார் என்ற கேள்விக்கு வாக்கியம் தரும் பதில் ‘தம்மைத்தாமே’. இன்ன பண்பு, இன்ன சக்தி என்ற பட்டியல் இல்லை. எப்படி வெறுமையாக்கினார்? ‘அடிமையின் ரூபமெடுத்து.’ எடுத்து! ஒன்றைக் கழித்து அல்ல, ஒன்றை ஏற்றுக்கொண்டு வெறுமையானார். கணக்கு விசித்திரமாக இருக்கிறதா? ஒரு வீட்டுக் கூடத்துக்கு வாருங்கள்.

ஆபீஸில் நாற்பது பேரை மேய்க்கிற அப்பா, வீட்டில் நாலு காலில் யானையாகி நிற்கிறார். முதுகில் மூன்று வயசுக் குழந்தை. அவருடைய உயரம் எங்கே போனது? எங்கும் போகவில்லை, அதை அவர் பயன்படுத்தவில்லை. முழங்கால் வலியையும் தரையின் அழுக்கையும் குழந்தையின் அதட்டலையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஏற்றுக்கொண்டதால்தான் தாழ்ந்திருக்கிறார். இப்போது ஒரு கேள்வி: அவர் அப்பாவாக இருந்தும் யானையானாரா, அப்பாவாக இருந்ததால் யானையானாரா?

இந்த ஒரு ‘உம்’தான் விஷயமே. பழைய மொழிபெயர்ப்பு ‘தேவனுடைய ரூபமாயிருந்தும்’ என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைத் திறந்தால், ‘கடவுள் வடிவில் விளங்கிய அவர்’ என்று இருக்கிறது. ‘உம்’ காணோம். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் வருவது வெறும் எச்சம். அதை ‘இருந்தும்’ என்றும் வாசிக்கலாம், ‘இருந்ததால்’ என்றும் வாசிக்கலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

‘இருந்தும்’ என்று வாசித்தால், கடவுள் தம் இயல்புக்கு மாறாக ஒரே ஒரு தடவை இறங்கி வந்தார் என்று ஆகும். மாறுவேடத்தில் நகர்வலம் வந்த ராஜா விடிந்ததும் அரண்மனைக்குத் திரும்புவதுபோல. ‘இருந்ததால்’ என்று வாசித்தால், இறங்குவதுதான் அவருடைய இயல்பு, குனிந்து நிற்கும்போதுதான் அவர் யார் என்று தெரிகிறது என்று ஆகும். எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது. அதற்குக் காரணம் அடுத்து வரும் சொல்.

‘கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்’ என்கிறார் பவுல். திருடிய நகைப்பையோடு ரயிலில் போகிறவன் கையை எடுக்காமல் தூங்குவான், கண்ணை மூடினாலும் பை மேலேயே நினைப்பு. தனக்கே உரியது என்ற நிச்சயம் உள்ளவனுக்கு அந்தப் பதற்றம் இல்லை. திருவிவிலியம் இதையே ‘வலிந்து பற்றிக்கொண்டிருக்க வேண்டியதொன்றாகக் கருதவில்லை’ என்று சொல்கிறது. இயேசு விட்டது அந்தஸ்தைக் கையில் இறுக்கிக்கொள்ளும் பிடியை. அது பிலிப்பியில் எல்லோரும் நாள்தோறும் செய்துகொண்டிருந்த காரியம். அடுத்த வரியில் ‘சிலுவையின் மரணபரியந்தமும்’ என்று வருகிறது. சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. ரோமக் குடிமக்கள் அந்தச் சொல்லைக் கேட்கவே கூசுவார்கள்.

சரி, இதுவரை பார்த்ததைக் கையில் வைத்துக்கொள்வோம். கெனோசிஸ் என்பது இருப்பதை இழப்பது அல்ல, இருப்பதைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது. அது நடப்பது அடுத்தவர் பொருட்டு ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போது.

## கண்ணாடி முன்னால் நின்றால் போதாது

இனி நம் பக்கம். நன்றாகப் பாடுகிறவர் ‘எனக்கு எங்கேங்க பாட வரும்’ என்று சொன்னால் அது பொய்தானே? 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஆவிலா ஊரைச் சேர்ந்த தெரேசா என்ற துறவி, தாழ்மை என்பது உண்மையில் நடப்பது என்று சொன்னார். நான் பெற்றது பெற்றதுதான், அதை நான் உண்டாக்கவில்லை என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் கஷ்டம் எதுவும் இல்லை. ‘நன்றாக வந்தது, கேட்டதற்கு நன்றி’ என்றால் முடிந்தது.

பெருமையடிப்பதும் தன்னைத்தானே இகழ்வதும் எதிரெதிர் மாதிரி தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே கண்ணாடியின் முன் நிற்கின்றன. ஒருவர் தலைசீவிப் பார்க்கிறார், மற்றவர் முகத்தைக் கோணிப் பார்க்கிறார். அங்கிருந்து நகர்ந்தபாடில்லை. பவுல் கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் ‘மாயமான தாழ்மை’ என்று ஒன்றைக் குறிப்பிடுவது இதற்கு நெருக்கமானது.

அப்படியானால் நிஜமான தாழ்மை எப்படி இருக்கும்? 4ஆம் நூற்றாண்டு எகிப்து. ஸ்கேத்தே பாலைவனத்தில் துறவிகள் கூட்டமாக வாழ்ந்தார்கள். அவர்களில் மோசே என்ற கறுப்பினத் துறவி முன்பு கொள்ளைக்காரர். ஒருநாள் ஒரு சகோதரர் தவறு செய்துவிட்டார் என்று விசாரணை கூடியது. மோசே வரவில்லை. ஆள் அனுப்பி வற்புறுத்தினார்கள். ஒழுகுகிற குடத்தில் தண்ணீரை நிரப்பிச் சுமந்துகொண்டு வந்தார். என்ன இது என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, எனக்குத் தெரிவதில்லை, இன்றைக்கு இன்னொருவர் பிழைக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை, அந்தச் சகோதரரை மன்னித்து அனுப்பினார்கள்.

மோசே தன் அற்பத்தனத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் இறங்கியதால் இன்னொரு மனிதர் தப்பினார். யாருடைய தாழ்மையையாவது எடைபோட வேண்டியிருந்தால், அதனால் பக்கத்தில் யாருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்று நான் பார்ப்பேன்.

6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 7ஆம் அதிகாரம் தாழ்மைக்கு 12 படிகள் வைக்கிறது. பைபிளில் யாக்கோபு என்பவர் கனவில் கண்ட ஏணிதான் படம். தாழ்மையால் ஏறுகிறோம், தன்னை உயர்த்திக்கொள்வதால் இறங்குகிறோம் என்கிறார். படிகளை எல்லாம் விவரிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: தலை குனிவது, பார்வையைத் தாழ்த்துவது எல்லாம் 12ஆவது படியில், கடைசியில் வருகின்றன. நம்மில் பலர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

பவுலே தன் கணக்கை அதே பிலிப்பியர் கடிதத்தின் 3ஆம் அதிகாரத்தில் திறந்து காட்டுகிறார். பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயர், நியாயப்பிரமாணத்தின்படி பரிசேயர் என்று நீளும் யூதப் பெருமைகளின் பட்டியல். லாபமாக இருந்த அதையெல்லாம் நஷ்டம் என்று எண்ணினேன், குப்பை என்கிறார். வியாபாரி பேச்சு இது. அவர் பென்யமீன் கோத்திரத்தான் இல்லை என்று ஆகிவிடவில்லை. வரவுப் பக்கத்தில் எழுதியிருந்ததை அங்கிருந்து அடித்துவிட்டார்.

## காலி வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்

வெறுமையே லட்சியம் என்று நினைப்பவர்களுக்கு மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் சின்னக் கதை ஒன்று இருக்கிறது. ஒரு மனிதனை விட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு காலியாக, பெருக்கி அலங்கரித்து, அழகாக இருக்கிறது. உடனே போய்த் தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிவந்து குடியேறுகிறது. முன்னைவிட மோசம். வீட்டைச் சுத்தம் செய்தவர் யாரையும் குடிவைக்கவில்லை, அதுதான் கோளாறு.

மனத்தைத் துடைப்பதில் மட்டும் கவனம் வைத்தால் இதுதான் நேரும். கோபத்தை விட்டேன், ஆசையை விட்டேன் என்று எண்ணி எண்ணி, கடைசியில் ‘நான் எவ்வளவு விட்டிருக்கிறேன்’ என்ற பெருமை குடிவந்துவிடும். மற்ற எல்லாவற்றையும்விடத் துரத்தக் கடினமான குடித்தனக்காரர் அவர்தான்.

வெறுமைக்கு எதிர்முனையில் பைபிள் வைக்கும் சொல் பிளேரோமா, அதாவது நிறைவு. பழைய தமிழில் பரிபூரணம். ‘அவருடைய பரிபூரணத்தினால் நாமெல்லாரும் கிருபையின்மேல் கிருபைபெற்றோம்’ என்கிறது யோவான் நற்செய்தி. எபேசியர் 3ஆம் அதிகாரமோ கிறிஸ்துவின் அன்பை அறிவதே கடவுளின் நிறைவால் நிறைவது என்ற பொருளில் பேசுகிறது. நிறைவு என்றதும் வீடும் காரும் என்று பிரசங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் அங்கே இருப்பது அன்புதான். தரப்படுவதை வாங்கிக்கொள்ளக்கூடிய நிலை, வாங்கியதை அடுத்தவருக்குத் தரக்கூடிய நிலை, இரண்டும் சேர்ந்தது.

தெரேசாவின் தோழர் சிலுவையின் யோவான் ஒரு மலையை வரைந்து, உச்சிக்குப் போகும் நடுப்பாதையில் ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை’ என்று திரும்பத் திரும்ப எழுதினார். இருட்டுப் பிடித்த மனிதர் என்று அவரைப் பற்றி ஒரு எண்ணம் உண்டு. 1577இல் அவரைத் தொலேதோ நகரில் அடைத்துவைத்தவர்கள் அவருடைய துறவற சபையைச் சேர்ந்தவர்களேதான். அந்த இருட்டறையில் அவர் உருவாக்கிய கவிதைகளில் புகழ்பெற்றது காதலர்கள் சந்திக்கும் பாட்டு. ஒன்றுமில்லை என்ற பாதை அவரை ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

## பொறுத்துப்போவதா?

மூன்றாவது பதில் பாக்கி இருக்கிறது. அதே பிலிப்பி ஊரில், இந்தக் கடிதத்துக்குப் பல வருஷம் முன்பு, பவுலையும் அவருடைய தோழர் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலை, சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. ரோமராகிய எங்களை ஊரறிய அடித்துவிட்டு இப்போது இரகசியமாய் அனுப்புகிறார்களா, ‘அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்’ என்றார். வந்தார்கள், கெஞ்சினார்கள். குப்பை என்று எழுதிய மனிதர்தான் இவர்! குடியுரிமையைப் பெருமைக்காகப் பிடித்துக்கொள்ளவில்லை, நியாயத்துக்காக எடுத்து நீட்டினார். இயேசுவும் விசாரணையில் அறைந்த சேவகனைப் பார்த்து, நான் சொன்னது சரியென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார்.

பவுலின் அந்த வாக்கியத்தில் இறங்குகிறவர் மேலே இருப்பவர் என்பதை மறந்துவிடக்கூடாது. ‘தம்மைத்தாமே’ என்ற சொல் அங்கே சும்மா இல்லை. தன்னைத் தான் வெறுமையாக்கலாம், இன்னொருவரை வெறுமையாக்கினால் அதற்குப் பெயர் கொள்ளை. அடி வாங்கும் மனைவியிடமும், சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் சபையில் வேலிக்கு அந்தப்பக்கம் புதைக்கப்படுகிறவர்களிடமும் போய்த் தாழ்மையாயிருங்கள் என்று சொல்கிறவர் பிலிப்பியரின் 2ஆம் அதிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

## துண்டை எடுத்தவர், காலை இழுத்துக்கொண்டவர்

கடைசியாக, யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம். இராப்போஜனத்தின்போது இயேசு எழுந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். பெரிய வியாழன் சடங்காகப் பலரும் பார்த்திருப்பது. கழுவுவதற்கு முன்னால் யோவான் ஒரு வாக்கியம் வைக்கிறார், அதைச் சடங்கில் யாரும் நடித்துக்காட்ட முடியாது: பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார், தாம் கடவுளிடமிருந்து வந்தார், அவரிடமே போகிறார் என்பதை அறிந்து இயேசு எழுந்தார். முதலில் நிறைவு, அதிலிருந்துதான் குனிதல். கையில் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கையில் துண்டை எடுக்க முடிகிறது. வெறுமையாகி அப்புறம் நிறைவது என்று ஒரே வரிசையில் இதை நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இங்கே அது மாறி நிற்கிறது.

சீடர்களில் ஒருவரான பேதுருவின் முறை வந்தபோது அவர் காலை இழுத்துக்கொள்கிறார். ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது.’ பார்த்தால் அடக்கம். குருவின் மேல் மரியாதை. நம் வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இயேசு அதைப் பாராட்டவில்லை. ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை.’ கொடுப்பதற்குத் தயாராக இருந்த பேதுருவுக்கு, வாங்கிக்கொள்வதற்குக் கூச்சம். கடைசியாக அவரிடம் மிச்சமிருந்த பிடி அதுதான் போல.

அதைக் கேட்டதும் பேதுரு அந்தப் பக்கம் சாய்ந்து, அப்படியானால் கையையும் தலையையும்கூடக் கழுவும் என்கிறார். குளித்தவனுக்குக் கால் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு இயேசு தண்ணீரை ஊற்றுகிறார்.